பதிவை விடுவதா, வைத்துக்கொண்டே போவதா? நெல்லை ஆய்வு மாணவருக்கு வெளிநாட்டு முனைவர் நிதி வழிகள்

அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழக வளாகத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருப்பவரும், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு பிஎச்.டி. செய்துகொண்டிருப்பவரும் ஒரே அறிவிப்பைப் பார்த்து ஒரே மாதிரி விண்ணப்பிக்கிறார்கள். முதலாமவருக்கு அது பொருத்தமான வழியாக இருக்கலாம். இரண்டாமவருக்கு, கிடைத்தால்கூடக் கையிலிருக்கும் மூன்று ஆண்டு உழைப்பைக் கைவிட வேண்டிய வழி. எந்த நிதியில் எவ்வளவு தொகை என்று ஒப்பிடும் முன்னால், உங்கள் பிஎச்.டி. பதிவு எங்கே இருக்கும், பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தரும் என்று பாருங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் வழிகள் மூன்றாகப் பிரிகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் சம்பளம் தரும் ஒரு வேலை. அங்கே புதிதாகப் பதிவு செய்து அங்கேயே பட்டம் வாங்க வேண்டும். இங்குள்ள பதிவை வைத்துக்கொண்டே சில மாதங்கள் வெளியே போய்வர ஃபுல்பிரைட்-நேரு, காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட், ராமன்-சார்பாக், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் இரட்டை நெறியாளர் உதவி ஆகியவை இருக்கின்றன. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை மூன்றாவது வழி: பதிவும் பட்டமும் வெளிநாட்டில்தான், ஆனால் பணம் நம் அரசுடையது.

எராஸ்மஸ் முண்டஸ் இந்தப் பட்டியலில் இல்லை. அதில் ஒரு காலத்தில் கூட்டு முனைவர் படிப்பும் இருந்தது. இப்போது அது முதுகலைக்கு மட்டும். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு பிஎச்.டி.க்கு அங்கே தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டாக்டோரல் நெட்வொர்க்: விண்ணப்பம் இரண்டு அடுக்கு

முதலில் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் கூட்டாகச் சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்திடம் விண்ணப்பிக்கின்றன. குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று அமைப்புகள் வேண்டும், அவற்றில் ஒன்றாவது ஒன்றிய உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும். சாதாரண நெட்வொர்க்குக்கு அதிகபட்சம் 360 ஆள்-மாதம். ஒருவருக்கு 36 மாதம் என்றால் பத்து இடம். தொழில்துறை முனைவர், கூட்டு முனைவர் வகைகளுக்கு 540 வரை போகலாம். அந்த விண்ணப்பம் வென்ற பிறகுதான் மாணவருக்கான இடங்கள் யூராக்செஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைவாய்ப்புத் தளத்தில் வரும். மாணவர் விண்ணப்பிப்பது இந்த இரண்டாம் அடுக்கில். பிரசல்ஸுக்கு அல்ல, அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு. இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. வண்ணார்பேட்டையிலோ சென்னையிலோ ஒரு கன்சல்டன்சி இதற்குப் பணம் கேட்டால், நீங்களே இலவசமாகச் செய்யக்கூடியதற்குத்தான் கேட்கிறார்கள்.

நாட்டுரிமைத் தடை இல்லை. வயது வரம்பும் இல்லை. "முதுகலை முடித்து நான்கு ஆண்டுக்குள் இருக்க வேண்டும்" என்று சிலர் சொல்வது இதற்கு முன் 2014–2020 காலத்தில் இருந்த பழைய ஐ.டி.என். திட்டத்தின் ஆராய்ச்சி அனுபவ வரம்பிலிருந்து வந்த பேச்சு. இப்போது முனைவர் பட்டம் இல்லாமல் இருந்தால் போதும். வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் கைக்கு வராமல் இருந்தாலும் தகுதி போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பலர் வழுக்கி விழுவது இடமாற்ற விதியில். வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ படித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. நெல்லையை விட்டு நகராதவருக்கு எல்லா நாடும் திறந்தே இருக்கிறது. ஜெர்மனியில் முதுகலை படித்தவர்தான் கணக்குப் போட வேண்டும். ஒருவர் 2022 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரை அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பினார் என்று வையுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் 2026 செப்டம்பர் 1 அன்று சேர்ந்தால், முந்தைய 36 மாதங்களில் 13 மாதம் ஜெர்மனிக் கணக்கில் வரும், தகுதி இல்லை. அதே ஆள் அக்டோபர் 1 அன்று சேர்ந்தால் சரியாக 12 மாதம், தகுதி உண்டு. விண்ணப்பத் தேதி எதுவாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் எழுதும் சேரும் நாள்தான் கணக்கு. ஆகவே இப்படி எல்லையில் நிற்பவர் நேர்காணலிலேயே, "அக்டோபரில் சேர முடியுமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. அதே நெட்வொர்க்கின் நெதர்லாந்து இடத்துக்கோ இத்தாலி இடத்துக்கோ அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

இனி பணம். 2024 வரையான அழைப்புகளில் வென்ற நெட்வொர்க்குகளில் மாத வாழ்வூதியம் 3,400 யூரோ, இடமாற்றப் படி 600, குடும்பம் இருந்தால் 660. 2025 அழைப்பில் வாழ்வூதியம் 4,010, இடமாற்றப் படி 710 என்று உயர்ந்தது. வாழ்வூதியத்தை நாட்டின் விலைவாசிக் குணகத்தால் பெருக்குவார்கள். டென்மார்க், அயர்லாந்தில் அது கூடும். ஸ்பெயின், போர்ச்சுகலில் குறையும். இந்த 3,400 உங்கள் கைக்கு வரும் தொகை அல்ல, உங்களுக்காக முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு. முதலாளி கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கும் அதற்குள்ளேயே அடங்கும். ஜெர்மனியில், குணகம் நூறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3,400-ம் 600-ம் சேர்ந்த 4,000 யூரோ சம்பளச் சீட்டில் ஏறத்தாழ 3,300 ஆகும். வரியும் உங்கள் பங்குக் காப்பீடும் போக, தனியாள் கையில் நிற்பது 2,100 முதல் 2,300 வரை. இதில் வசதியாகவே வாழலாம். 4,000 யூரோவை நூறால் பெருக்கி நாலு லட்சம் என்று வீட்டில் சொல்லி, அதை நம்பித் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கினால்தான் சிக்கல்.

குடும்பப் படிக்குத் திருமணப் பதிவுச் சான்று கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகையும் மண்டப ரசீதும் உதவாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வாங்கிய சான்று வேண்டும். சேர்ந்த பிறகு திருமணம் நடந்தாலும் அந்த மாதத்திலிருந்து கேட்க உரிமை உண்டு.

சாதாரண நெட்வொர்க்கில் நிதி 36 மாதத்தோடு முடிகிறது. ஆனால் நெதர்லாந்தில் பிஎச்.டி. வழக்கமாக நான்கு ஆண்டு. நான்காம் ஆண்டுச் சம்பளத்தை யார் தருவார்கள் என்பதை நேர்காணலில் கேட்காமல் விட்டவர்கள் 37-ஆம் மாதத்தில் தவிக்கிறார்கள். இதைக் கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள். நல்ல நெறியாளர் பதிலைத் தயாராக வைத்திருப்பார்.

விண்ணப்பத்தில் சறுக்கும் இடங்கள்

ஒரு நெட்வொர்க்கில் இடங்கள் டி.சி. 1, டி.சி. 2 (டி.சி. என்றால் முனைவர் மாணவர்) என்று எண்ணோடு வரும். ஒவ்வொன்றும் தனித் திட்டம், தனி நெறியாளர். ஒரே ஊக்கக் கடிதத்தைப் பத்துக்கும் அனுப்புவது வீண்வேலை. தேர்வுக் குழுவினர் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்துத்தான் படிக்கிறார்கள். இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் அந்தத் திட்டத்தின் முறையியலில் நீங்கள் ஏற்கெனவே செய்தது என்ன என்று ஒரு பத்தி எழுதுங்கள். "எனக்குச் சிறு வயதிலிருந்தே அறிவியல் பிடிக்கும்" என்று தொடங்கும் கடிதத்தை விட, "தாமிரபரணியில் நான்கு இடங்களில் பருவத்துக்கு ஒருமுறை நீர் மாதிரி எடுத்து, கரைந்த ஆக்சிஜனும் நைட்ரேட்டும் அளந்தேன், கோடையில் அளவி பழுதானதால் ஒரு பருவத் தரவு இல்லை" என்று சொல்லும் கடிதம் பல மடங்கு மேல். எது இல்லை என்றும் சொல்வதால் எழுதியவர் வேலை செய்தவர் என்று தெரிந்துவிடுகிறது.

சி.வி.யில் கடந்த 36 மாதமும் எந்த மாதம் எந்த நாடு என்று ஒரு சிறு அட்டவணை வையுங்கள். போட்டித் தேர்வுக்குப் படித்த மாதங்களையும் "வீட்டில், திருநெல்வேலி" என்று எழுதுங்கள். இடைவெளி இருந்தால் பரவாயில்லை; அதை மறைத்தால் சந்தேகம் வரும்.

நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "செல்வி மு." என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த "மு." முத்தையா என்று விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அங்குள்ள அலுவலகத்துக்கு இருவரும் வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பத்திலும் பெயர் போடுங்கள். இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் ஆங்கிலத்தில் வாங்கி, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்கிரிப்டுக்கு இடம் கிடைத்த பிறகு அலையாமல், விண்ணப்பிக்கத் தொடங்கும் மாதமே மனு கொடுத்துவிடுங்கள்.

நேர்காணல் நேரத்தையும் சரிபாருங்கள். மத்திய ஐரோப்பா கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும். அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் தவறி இணைப்பில் நுழைபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

பதிவை வைத்துக்கொண்டே போகும் வழி

இங்கே இரண்டு ஆண்டுக்கு மேல் பிஎச்.டி. ஓடியிருந்தால், களம் இந்த மண்ணிலேயே இருந்தால், நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். களக்காடு–முண்டந்துறைக் காட்டிலோ கூந்தன்குளத்திலோ ஆதிச்சநல்லூரிலோ வேலை செய்பவர் பதிவை ரத்து செய்துவிட்டுப் போனால் களமும் போய்விடும்.

ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவி 6 முதல் 9 மாதம். அமெரிக்காவில் ஒரு நெறியாளரோடு வேலை செய்து திரும்ப வேண்டும். இந்தியாவில் பிஎச்.டி. பதிவு செய்து குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். இதற்குக் கிடைக்கும் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவோடு வரும் இரண்டாண்டு தாயக விதியைக் கவனியுங்கள்: திரும்பி வந்து இரண்டாண்டு இங்கே இருந்த பிறகே எச்-1பி போன்ற வேலை விசாவுக்குப் போக முடியும். காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட் பிரிட்டனில் 12 மாதம் வரை. பட்டம் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தே வரும். ராமன்-சார்பாக் இந்தோ–பிரெஞ்சு மையம் தருவது, 2 முதல் 6 மாதம். ஒரு கருவியைக் கற்கவோ ஒரு மாதிரித் தொகுப்பைப் பகுப்பாய்வு செய்யவோ அது போதும். இந்த வகையில் நீண்டது டி.ஏ.ஏ.டி.யின் இரட்டை நெறியாளர் உதவி: மொத்தம் 24 மாதம் வரை, பிரித்துப் பிரித்தும் போகலாம். வாழ்வூதியம் மாதம் 1,300–1,400 யூரோ அளவில். மேரி கியூரியோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரியும். ஆனால் இது சம்பளம் அல்ல, உதவித்தொகை. காப்பீட்டு உதவியும் பயணப்படியும் தனியாக வரும்.

இந்த வழியில் கடிகாரம்தான் எதிரி. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி. குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டு. நான்காம் ஆண்டு முடிவில் விண்ணப்பித்து, ஐந்தாம் ஆண்டு முடிவில் போனால், திரும்பி வந்து சினாப்சிஸ் எனும் ஆய்வுச் சுருக்கம் கொடுக்கவே நாள் போதாது. இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாதங்கள் பதிவுக் காலத்தில் சேருமா, அந்த மாதங்களில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) நிறுத்தப்படுமா என்ற இரண்டையும் போவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். டாக்டோரல் கமிட்டித் தீர்மானமும் தடையின்மைச் சான்றும் கையில் இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள்.

பாதியில் இருப்பவருக்கு மேரி கியூரி இடம் கிடைத்தால்? இரண்டு முழுநேரப் பதிவை ஒரே சமயத்தில் வைத்திருக்க முயல வேண்டாம். ஆனால் கையெழுத்தான ஒப்பந்தம் கைக்கு வரும்வரை இங்குள்ள பதிவை ரத்து செய்யவும் வேண்டாம். வாய்மொழி வாழ்த்தையோ "தேர்வாகிவிட்டீர்கள்" என்ற மின்னஞ்சலையோ நம்பி ரத்து செய்யக் கூடாது.

தேசிய வெளிநாட்டு உதவித்தொகை

பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பங்களுக்கானது. ஆண்டுக்கு 125 இடம், வயது 35-க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் வேண்டும். கட்டணம் முழுதாக வரும், வாழ்வுச் செலவுக்கு ஆண்டுப் படி வரும். பிஎச்.டி.க்கு நான்கு ஆண்டு வரை. கட்டணம் அதிகமான நாடுகளுக்கு இதை விட நல்ல வழி இல்லை. ஆனால் 2022 முதல் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவி கிடையாது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளையோ நெல்லைச் சாதி வரலாற்றையோ ஆய்வு செய்ய விரும்பும், இந்த உதவி மிகவும் தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது அடைபட்டிருப்பது வருத்தமான செய்தி. அவர்கள் காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட்டையோ டி.ஏ.ஏ.டி.யையோ பார்ப்பது நல்லது.

கல்லூரியும் பல்கலைக்கழகமும் நெட்வொர்க்கில் நுழைய

ஆசிரியர்களுக்கு இது. மேரி கியூரிக்குப் பணம் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டம் ஹொரைசன் யூரோப்; அதிலிருந்து இந்திய நிறுவனங்களுக்குத் தானாக நிதி வராது. ஆனால் இணைப் பங்காளியாகச் சேரலாம்: அவர்களுடைய மாணவரைச் சில மாதம் ஏற்று, பயிற்சி தந்து, கூட்டாக நெறிப்படுத்தலாம். பணம் வராது, உறவும் கூட்டுக் கட்டுரையும் அடுத்த முறைக்கான பெயரும் வரும். ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி.யின் பன்னாட்டு ஆய்வுப் பயிற்சிக் குழு இதை விட ஆழமான உறவு. அதிகபட்சம் ஒன்பது ஆண்டு ஓடும், இரு பக்க மாணவரும் மாறி மாறிப் போவார்கள். ஆனால் நம் பக்கச் செலவை நாமே தேட வேண்டும். தனி ஆய்வு நிதி கையில் இல்லாத துறை இதில் இறங்கக் கூடாது. இணைப் பங்காளி வழியில் தொடங்குங்கள்.

அதற்கு ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் உங்கள் நிறுவனத்துக்கான ஒன்பது இலக்கப் பங்கேற்பாளர் எண்ணும், பதிவாளரோ அதிகாரமுள்ள வேறொருவரோ கையெழுத்திட்ட உறுதிக் கடிதமும் வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர்கள் உங்கள் பங்கை இல்லாததாகவே எண்ணுவார்கள். கடிதத்தில் "முழு ஒத்துழைப்பு தருவோம்" என்று எழுதினால் மதிப்பெண் ஏறாது. எத்தனை மாணவர், எத்தனை மாதம், எந்த ஆய்வகம், எந்தக் கருவி என்று எழுதுங்கள். அழைப்பு வழக்கமாக மே மாதம் திறந்து நவம்பர் இறுதியில் மூடும். துறைத் தலைவரிடமிருந்து பதிவாளர் மேசைக்குக் கோப்பு நகரும் வேகம் தெரிந்தவர்கள் ஆகஸ்டிலேயே தொடங்குவார்கள். 80 சதவீதத்துக்குக் கீழே மதிப்பெண் வாங்கிய விண்ணப்பத்தை அடுத்த ஆண்டு மறுபடி கொடுக்க முடியாது என்பதால், அரைகுறையாக அவசரப்படும் கூட்டணியில் சேராமல் ஓராண்டு பொறுப்பதே மேல்.

உயிரியல் துறைக்கு இன்னொன்று. வெளிநாட்டு மாணவர் இங்கே வந்து தாமிரபரணி மீனையோ அகத்தியமலைத் தாவரத்தையோ ஆய்வுக்கு எடுக்க, 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் போக வனத்துறை அனுமதி தனி. இரண்டையும் மாணவர் வந்த பிறகு கேட்டால், அவருடைய மூன்று மாதத் தங்கல் விருந்தினர் விடுதியிலேயே முடிந்துவிடும். ஆகவே விண்ணப்பத்தின் கால அட்டவணையிலேயே அனுமதிக்கான மாதங்களைத் தனி வரியாகப் போட்டு, களப்பணியை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளி எழுதச் சொல்லுங்கள்.