லேப்டாப் ஃபேன்: கம்பெனி ஆப்பா, என்பிஎஃப்சியா, திங்க்ஃபேனா, இல்லை டர்போவை அணைப்பதா?

லேப்டாப் சூடாகிறது என்றதும் பலரும் தேடிப்போவது ஸ்பீட்ஃபேனைத்தான். அதை விட்டுவிடுங்கள். பல வருடங்களாகப் புதுப் பதிப்பு வராத மென்பொருள், பெரும்பாலான லேப்டாப்களில் ஃபேனையே கண்டுபிடிக்காது. காரணம் எளிது: லேப்டாப்பில் ஃபேனை ஓட்டுவது எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப். அதனுடன் பேசும் முறை மாடலுக்கு மாடல் மாறும், அதனால் எல்லா லேப்டாப்புக்கும் ஒரே மென்பொருள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கம்பெனி தரும் ஆப். லெனோவோவில் வான்டேஜ் (பல மாடல்களில் எஃப்என்னும் க்யூவும் சேர்த்து அழுத்தினாலே மோடு மாறிவிடும்), ஏசுஸில் ஆர்மரி க்ரேட், ஏசர் நைட்ரோவில் நைட்ரோசென்ஸ். இவை ஃபேனோடு சேர்த்துச் சிப்புக்குப் போகும் வாட் அளவையும் மாற்றுகின்றன, அதனால்தான் சைலன்ட் மோடில் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் சூடு கட்டுக்குள் நிற்கிறது. குறை என்னவென்றால், கேமிங் அல்லாத சாதாரண மாடல்களில் இரண்டு மூன்று மோடுகளைத் தாண்டி எதுவும் கையில் கிடைக்காது. எந்த டிகிரிக்கு எந்த வேகம் என்று நாமே வைக்க முடியாது. ஏசுஸ் வைத்திருப்பவர்கள் ஆர்மரி க்ரேட் கனமாக இருக்கிறது என்று நினைத்தால் ஜி-ஹெல்பரைப் பார்க்கலாம். சின்னது, ஓப்பன் சோர்ஸ், அதை ஆதரிக்கும் மாடல்களில் ஃபேன் கர்வையே (எந்தச் சூட்டில் எந்த வேகம் என்று காட்டும் கோடு) இழுத்து மாற்றலாம்.

அடுத்தது நோட்புக் ஃபேன்கன்ட்ரோல், சுருக்கமாக என்பிஎஃப்சி. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கும், அதில் எம்பெடட் கன்ட்ரோலரின் எந்த ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் இடம்) எந்த எண்ணை எழுத வேண்டும் என்று குறித்திருக்கும். ஆபத்தும் அங்கேதான். உங்கள் மாடல் பட்டியலில் இல்லை என்று "கிட்டத்தட்ட அதே மாதிரி" ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், தவறான ரெஜிஸ்டரில் எழுதப்பட்டு ஃபேன் நின்றுபோகலாம், அதற்கு மேலும் ஏதாவது ஆகலாம். அதனால் முதலில் ரீட்-ஒன்லியில், அதாவது எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும் மோடில், போட்டுப் பாருங்கள். திரையில் காட்டும் வேகமும் காதில் கேட்கும் சத்தமும் ஒன்றாக ஏறி இறங்கினால் மட்டும் எனேபிள் செய்யலாம். விண்டோஸ் பதிப்பின் வளர்ச்சி நின்றுவிட்டது. லினக்ஸில் அதே கான்ஃபிக் முறையோடு என்பிஎஃப்சி-லினக்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

லெனோவோவின் திங்க்பேட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. என் கணக்கில், கையால் ஃபேனை ஓட்ட நிஜமாகவே ஏற்ற லேப்டாப் அதுதான். அதற்கான மென்பொருள் விண்டோஸில் டிபிஃபேன்கன்ட்ரோல், லினக்ஸில் திங்க்ஃபேன். லினக்ஸ் கெர்னலில் உள்ள திங்க்பேட்_ஏசிபிஐ மாட்யூலுக்கு ஃபேன்_கன்ட்ரோல்=1 என்று கொடுத்துவிட்டால் 0 முதல் 7 வரை லெவல் வைக்கலாம். 7 உச்சம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது, அதற்கும் மேலே டிஸ்எங்கேஜ்டு என்று ஒன்று உண்டு, அதில் ஃபேன் கட்டுப்பாடே இல்லாமல் முழு வேகத்தில் ஓடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வாட்ச்டாக் வசதி: அதை இயக்கி வைத்தால், மென்பொருள் செத்துப்போய்க் குறித்த நொடிகளுக்குள் புதுக் கட்டளை வராதபோது ஃபேன் தானாக ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். வேறு எதை வாங்கினாலும் இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இத்தனையும் ஏற்கெனவே உண்டான சூட்டை வெளியே தள்ளும் வழிகள். சூடே குறைவாக உண்டாகும்படி செய்வது இவற்றை எல்லாம் விடப் பலன் தரும், நான் யாருக்கும் முதலில் சொல்வது அதைத்தான். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்டில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 100-லிருந்து 99 ஆக்குங்கள். பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ பூஸ்ட் (சிப் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடும் வசதி) நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும். பிரவுசர், வேர்டு, வீடியோ பார்ப்பவருக்கு வேகம் குறைந்ததே தெரியாது. வீடியோ எடிட்டிங், கேம் என்றால் தெரியும், அவர்களுக்கு ஃபேன் கர்வ்தான் வழி. சில லேப்டாப்களில் இந்த ஆப்ஷன் மறைந்திருக்கும். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் சிப்பின் வோல்டேஜைக் குறைப்பது இன்னும் நல்ல வழியாக இருந்தது, ஆனால் 2019 கடைசியில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் பல கம்பெனிகள் பயாஸ் அப்டேட்டில் அதைப் பூட்டிவிட்டன.

மேக்கில் மேக்ஸ் ஃபேன் கன்ட்ரோல் என்ற மென்பொருள் நன்றாகவே வேலை செய்கிறது. எம்1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் எந்த மென்பொருளும் உதவாது. ஃபேனுக்கும் செம்புக் குழாய் முடியும் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கலாம். அடி மூடியைக் கழற்றி அதை எடுங்கள். ப்ளோயரால் ஊதும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.