கிராஃபீன் ஓரம்: ஜிக்ஜாக்கா, ஆர்ம்சேரா?
மன்னார்குடில எம்எஸ்சி பிசிக்ஸ் படிக்கிற தம்பி ப்ராஜெக்டுக்கு கிராஃபீன் நாடாவுல எந்த ஓரத்த எடுக்கலாம்ணேன்னு கேட்டான், ஜிக்ஜாக்தான்டான்னேன். கிராஃபீன்னா ஒரே அணு தடிமன்ல இருக்குற கார்பன் தாள்; அத நாடாவா வெட்டுனா ஓரம் பல்லு பல்லா வந்தா ஜிக்ஜாக், கை வச்ச நாற்காலி மாதிரி வந்தா ஆர்ம்சேர். ரெண்டும் அதே அறுகோண கார்பன் வலைதான், வெட்டுற திசை மட்டும் வேற. ஜிக்ஜாக்ல ஓரத்து அணு எல்லாம் ஒரே சப்லாட்டிஸ் (வலைல ஒண்ணுவிட்டு ஒண்ணா வர்ற ரெண்டு அணுக் கூட்டத்துல ஒண்ணு), அதனால எலக்ட்ரான் உள்ள பரவாம வரப்போரம் தேங்குன தண்ணி மாதிரி ஓரத்துலயே கிட்டத்தட்ட ஒரே எனர்ஜில குவிஞ்சு நிக்கும், அப்ப அதுங்களுக்குள்ள இருக்குற விலக்கமே ஸ்பின்ன (ஒவ்வொரு எலக்ட்ரானும் குட்டிக் காந்தம் மாதிரி, அதோட திசை) எல்லாம் ஒரே பக்கமா திருப்பிடும், எதிர் ஓரத்துல தலைகீழா. ஓரம் காந்தமாகுறது இப்படித்தான். 1996லயே ஜப்பான்காரங்க கணக்குல காட்டிட்டாங்க.

ஆர்ம்சேர்ல ரெண்டு சப்லாட்டிஸும் சேர்ந்தே வருது, ஓரத்துல எலக்ட்ரான் அப்படி குவியுற நிலை இல்ல, காந்தமும் இல்ல. ஆனா காத்துல நல்லா தாங்கும், நாடாவோட அகலத்த வச்சு பேண்ட் கேப்ப (எலக்ட்ரான் இருக்க முடியாத எனர்ஜி இடைவெளிய) மாத்தலாம், ட்ரான்சிஸ்டர்னா அதான். ஜிக்ஜாக் ஆக்சிஜன் பட்டா கெட்டுரும், 2016ல தங்கத்து மேல, வெற்றிடத்துலதான் சுத்தமா வளர்த்தாங்க. நீ கம்ப்யூட்டர்ல கணக்காத்தானடா போடப்போற, உனக்கென்ன ஆக்சிஜன் பயம்?