டைம்ஷீட்தான் முதலாளி: ஒரு கன்சல்டன்ஸி வேலை பற்றி

நான் அண்மையில் விலகிய, பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் கன்சல்டன்ஸி நிறுவனம் பற்றிய விமர்சனம் இது. பெயர் வேண்டாம். சம்பளம் நேரத்துக்கு வரும், லீவு கேட்டால் கொடுப்பார்கள், அதிலெல்லாம் குறையில்லை.

நேர்முகத் தேர்வில் க்ளவுட், மைக்ரோசர்வீஸ் என்று நிறையப் பேசினார்கள். உள்ளே போனால் பேச்செல்லாம் யூட்டிலைசேஷன்தான். அதாவது, நம் வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் க்ளையண்ட்டுக்கு பில் ஆகிறது என்ற கணக்கு. ஜூனியர் பையனுக்கு உட்கார்ந்து கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சொல்லிக்கொடுத்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் டைம்ஷீட்டைத் திறந்தால் இதே தலைவலி. ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பவர்களின் யூட்டிலைசேஷன் குறைவாகத் தெரியும் என்பதுதான் இதில் கொடுமை.

என் முதல் ப்ராஜெக்ட் ஃபிக்ஸட் பிரைஸ், அதாவது முன்கூட்டியே பேசிய ஒரே தொகைக்கு முடித்துக்கொடுக்கும் ஒப்பந்தம். எஸ்டிமேட்டைத் தாண்டும் ஒவ்வொரு மணி நேரமும் நிறுவனத்தின் லாபத்தில் கைவைக்கும், அதனால் கெடு நெருங்கியதும் முதலில் வெட்டு விழுந்தது, கோடின் சின்னச் சின்னப் பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்டுக்கு. முதல் முறை எழுதிய புரோகிராம் கோடை அப்படியே கொடுப்பதை, புரோகிராமர் வார்ட் கன்னிங்ஹாம் 1992இல் கடன் வாங்குவதோடு ஒப்பிட்டார். இங்கே கடன் வாங்கியது நாங்கள், வட்டி கட்டப்போவது க்ளையண்ட்டின் டீம். கே.டி. (செய்த வேலையை அடுத்த டீமுக்கு விளக்கி ஒப்படைப்பது) கொடுத்துவிட்டு அடுத்த ப்ராஜெக்டுக்குப் போய்விட்டோம். அந்த கோட் ப்ரொடக்‌ஷனில் என்ன பாடுபடுகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்தது டைம் அண்ட் மெட்டீரியல். செலவிட்ட மணிக்கெல்லாம் பில் என்பதால் மூச்சுவிட முடிந்தது. வெப் திரைகள் எழுத உதவும் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவை கூகுள் 2021 டிசம்பரோடு நிறுத்திவிட்டது. இந்த க்ளையண்ட் அதற்குப் பிறகும் அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திரை திரையாக ரியாக்ட் என்ற இன்னொரு கருவிக்கு மாற்றினோம். எழுதியவர்கள் யாரும் அங்கே இல்லை, ஆவணமும் இல்லை. பழைய கமிட்களை (கிட்டில் பதிவான மாற்றங்களை) தோண்டி, ஒரு விசித்திரமான இஃப் நிபந்தனை ஏன் அங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் ஒரு துப்பறியும் சுகம் உண்டு. அடுத்தவர் கோடைப் பயமில்லாமல் படிக்க நான் கற்றது இங்கேதான். அதற்காகவே ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

பெஞ்ச் பற்றியும் சொல்ல வேண்டும். ப்ராஜெக்ட் இல்லாதபோதும் சம்பளம் வரும்தான், ஆனால் கையில் இருப்பதை விட்டுவிட்டு, காலியாக இருக்கும் எந்த ஸ்கில்லிலாவது தள்ளிவிடுவார்கள். ஜாவா ஆளை டெஸ்டிங்குக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

சேருவதாக இருந்தால், போகப்போகும் ப்ராஜெக்டின் ஒப்பந்தம் எந்த வகை, டெஸ்டுக்கும் கே.டி.க்கும் எஸ்டிமேட்டில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஹெச்.ஆர். மழுப்பினால், டீம் லீடோடு பேச வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்.