துப்பாக்கி பீரோவுக்கு வாங்கிய சிலிகா ஜெல் பெட்டி: கடலோர ஊரான மண்டபத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் பார்த்தேன்

2024 செப்டம்பரில் ஆன்லைனில் வாங்கினேன், 1,650 ரூபாய். செங்கல்லை விடக் கொஞ்சம் சிறிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே 350 கிராம் ஆரஞ்சு நிற மணிகள், முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் பிளக். ஈரத்தைக் குடித்து மணிகள் நிறைந்துவிட்டால் கரும்பச்சையாகிவிடும், எடுத்துப் பிளக்கில் மாட்டினால் சூடாகி ஈரத்தைக் கக்கிவிட்டு மறுபடி ஆரஞ்சுக்கு வரும். ஒரே சாமானை ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள் என்பதால் பிராண்டைச் சொல்லிப் பயனில்லை.

வாங்க வைத்தது தேர்தல். அப்பா காலத்து பன்னிரண்டு போர் (12 bore) இரட்டைக்குழல் துப்பாக்கி, இப்போது என் பெயரில் லைசென்ஸ். தேர்தல் முடியும்வரை வைத்திருக்க, லைசென்ஸ் உள்ள எல்லாரையும் போல நானும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை, அதெல்லாம் முடிந்து கைக்கு வந்தபோது இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையின் ஓரத்தில் மிளகாய்த்தூள் தூவியது மாதிரி துரு. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. அவர்களும் என்ன செய்வார்கள், சாக்கில் சுற்றி ஒரு அறையில் சாத்தி வைப்பார்கள். மேலும் அப்பா வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் துடைத்திருக்கிறார், அது சிக்குப் பிடித்துப் பிசினாகிக் கிடந்தது, பழி முழுவதும் ஸ்டேஷனுக்குப் போகாது. மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் எண்ணெய் தொட்டு இரண்டு நாள் மெதுவாகத் தேய்த்தேன். துரு போனது, நாலு இடத்தில் கருநீலப் பூச்சும் கூடவே போனது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். பீரோவில் வைத்த மூன்றாம் நாளே பச்சை! இரவு முழுக்கப் பிளக்கில் போட்டு ஆரஞ்சாக்கி வைத்தால் மறுபடி மூன்றே நாள். முன்னூற்றைம்பது ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன், அறையில் 84 சதவீதம், பீரோவுக்குள் 78. ஒரு ஸ்டார் கொடுத்துத் திட்டி எழுதலாம் என்றே இருந்தேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருக்கும் என் மச்சான் அன்றைக்கு வந்தவர், பீரோவுக்குள் டார்ச்சைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு அறை லைட்டை அணைத்தார். கதவு ஓரம், கீழ் இடுக்கு, பின்தகடு சேரும் இடம் என்று எல்லாப் பக்கமும் வெளிச்சம் கோடு கோடாக வந்தது. "மச்சான், நீங்க பீரோவக் காய வைக்கல, ராமநாதபுரம் ஜில்லாவையே காய வைக்கிறீங்க" என்றார்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 30 டிகிரி வெயிலில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் வரை நீராவி தாங்கும். என் பீரோ ஒரு கனமீட்டருக்கும் குறைவு, 84 சதவீதத்தில் அதற்குள் இருப்பது இருபது கிராம் சொச்சம். அதைப் 50 சதவீதத்துக்கு இறக்க ஒன்பது பத்து கிராம் இழுத்தால் போதும். 350 கிராம் சிலிகா ஜெல் எழுபது எண்பது கிராம் தாராளமாகக் குடிக்கும். காற்று மாறிக்கொண்டே இருந்தால் எத்தனை கிலோ இருந்தும் என்ன!

ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் மாதிரியே ஒட்டும் ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, பின் இடுக்குகளில் சிலிகான் பேஸ்ட் அடைத்தோம். மொத்தச் செலவு 240 ரூபாய். முதல் தடவை ஒரு வாரத்தில் பச்சையானது, துப்பாக்கியின் மரக்கட்டையும் உள்ளே இருந்த துணியும் குடித்து வைத்திருந்த ஈரம் வெளியே வருகிறது என்று விட்டுவிட்டேன். அதன்பின் நவம்பரில், வாடைக்காற்றும் மழையும் ஒன்றாக அடித்த அந்த மாதத்தில், 24 நாள் தாங்கியது. மீட்டர் 46க்கும் 50க்கும் நடுவே நின்றது. அதுதான் வேண்டும். ரொம்பக் காயவிட்டால் கட்டை சுருங்கி வெடிக்கும், எனவே 35க்குக் கீழே போனால் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

இந்தப் பெட்டியால் ஆகாத வேலை ஒன்று உண்டு: உப்பு. சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால்தான் தண்ணீர் இழுக்கும், ஆனால் கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது 35க்குப் பக்கத்திலேயே கசிய ஆரம்பிக்கும். பீரோ 46இல் நின்றாலும் குழல் மேல் உப்புப் படலம் இருந்தால் அதன் அடியில் ஈரம்தான். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்துத் தின்ற காற்று இது. தோட்டாக்களை வேறு பூட்டில் வைத்து, குழல் இரண்டும் காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு, பழைய வேட்டித் துணியால் நன்றாகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாகப் பூசி, வெறுங்கையால் தொடாமல் வைக்கிறேன். வியர்வையும் உப்புதானே. குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் வழிந்து கட்டைக்குள் இறங்காது. தோல் உறை, ஸ்பாஞ்ச் வைத்த பெட்டி இரண்டிலும் போட்டு மூடி வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

துணி பீரோவில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பாக்கெட்டையும் முன்பு போட்டுப் பார்த்திருக்கிறேன். ஈரம் நன்றாகவே இழுக்கும், ஆனால் இழுத்தது உப்புத் தண்ணீராகப் பையில் சேரும். என்னுடையது ஓரம் விட்டு ஒழுகி அடித்தட்டில் தேங்கி, அந்தத் தகடு இன்றைக்கும் சொறி பிடித்த மாதிரி இருக்கிறது. நல்லவேளை, துப்பாக்கி மேல்தட்டில்.

குறைகள்: பிளக் வயர் இல்லாமல் நேராகச் சுவரில் மாட்டுவது, அதனால் எங்கள் வீட்டில் மிக்ஸி பாயின்ட்டைப் பத்து மணி நேரம் பிடித்துக்கொள்கிறது, அதற்கு நான் வாங்கும் திட்டு தனிக்கதை. பீரோவுக்குள் வைத்துச் சூடாக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள், இழுத்த ஈரத்தையெல்லாம் திரும்ப உள்ளேயே விடுவதற்கா? ஸ்டேஷனுக்கும் இதைக் கொடுத்தனுப்ப முடியாது. அடுத்த தேர்தலுக்கு வி.சி.ஐ. பேப்பர் (துருவைத் தடுக்கும் ஆவியை விடும் காகிதம்) வாங்கி வைத்திருக்கிறேன், எண்ணெய் பூசி அதில் சுற்றி, மேலே தடித்த பாலிதீன் போட்டு டேப் ஒட்டிக் கொடுப்பதாகத் திட்டம்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் குறைத்தது, அட்டையில் 'எந்த அலமாரிக்கும் ஏற்றது' என்று அச்சடித்ததற்காக.