அப்பத்தாவின் சர்க்கரை: தனித்தனி டாக்டர்களா, வீடு தேடி வரும் மாத்திரையா?

அப்பத்தாவுக்கு 78 வயது. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று தனியாரிடம் காட்டிவந்தோம். எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவர் பார்ப்பதில்லை. மஞ்சப்பையில் 11 வகை மாத்திரை சேர்ந்துவிட்டது. ஒருநாள் விடியற்காலையில் வேர்த்துக்கொட்டி, பேச்சுக் குழற, சர்க்கரை தாழ்ந்து குளுக்கோமீட்டர் 54 காட்டியது. பையில் கிளிபென்கிளமைடு இருந்தது. சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்குச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும் மாத்திரை அது.

மறுபக்கம், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார், பிரஷர் பார்க்கிறார், "ராத்திரி சாப்டீங்களா அப்பத்தா?" என்கிறார். இதை எந்த டாக்டரும் கேட்டதில்லை! ஆனால் விழித்திரைப் பரிசோதனை வாசற்படியில் நடக்காது.

என் ஓட்டு அக்காவுக்கே. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆண்டுக்கொரு முறை மருத்துவமனை. சீட்டுகள் மொத்தமும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கையில். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்றார் அவர். பல நோய்களோடு இருக்கும் முதியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்வதும் அதுதான். மாத்திரை 6 ஆகிவிட்டது. சாயங்காலக் காப்பியில் அரை ஸ்பூன் சீனிக்கும் அனுமதி.