தடுமனுக்கு ஜிங்க் மாத்திரையா, சுக்குக் காப்பியா?

சாரல் சமயத்தில் குற்றாலம் போய்வந்த வீடுகளில் இரண்டு மூன்று நாளில் தும்மல் கேட்கும். பழி அருவித் தண்ணீர் மேல் விழும். பெரும்பாலும் காரணம் ரைனோ வைரஸ். கூட்டத்தில் பக்கத்தில் நின்றவர் தந்தது. உடனே பேரன் மெடிக்கலில் ஜிங்க் மாத்திரை ஒரு அட்டை வாங்கி வருவான். ஆச்சி சுக்கைத் தட்டி, உடன்குடிக் கருப்பட்டியை உடைப்பாள். ஜிங்க் பழக்கம் கொரோனா காலத்தில் பரவியது.

பேரன் பக்கம் ஆதாரம் இல்லாமல் இல்லை. 1984-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈபி குழுவினர் 23 மி.கி. ஜிங்க் உள்ள மாத்திரைகளை, விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு தடவை வாயில் கரையவிட்டுக் கொடுத்தார்கள். தடுமன் சீக்கிரம் விட்டது. பிறகு வந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2020-இல் வெளியான பின்லாந்து ஆய்வில் பலனே தெரியவில்லை. மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-இல் தந்த அறிக்கை, தடுமன் சுமார் இரண்டு நாள் குறையலாம், ஆனால் ஆதாரத்தின் உறுதி குறைவு என்கிறது. வராமல் தடுப்பதில் பெரிய பலன் இல்லை.

சரி, நம்ம கடையில் கிடைப்பது அந்த மாத்திரைதானா? பெரும்பாலும் இல்லை. நல்ல பலன் காட்டிய சோதனைகளில் நாளுக்கு 75 மி.கி.க்கு மேல் ஜிங்க், தொண்டையில் படும்படி மெல்லக் கரைந்தது. பேரன் கொண்டுவந்தது தண்ணீர் விட்டு விழுங்கும் 20 மி.கி.; நேரே வயிற்றுக்குப் போகிறது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு கொடுக்க அது அருமையான மருந்து. தடுமனுக்கு அதை நம்பி நான் காசு போட மாட்டேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் வேறு. மாதக்கணக்கில் அதிக அளவு எடுத்தால் உடம்பில் தாமிரச் சத்து குறையும். மூக்கில் விடும் ஜிங்க் ஜெல் பக்கமே போக வேண்டாம். வாசனை தெரியாமல் போகிறது என்று 2009-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது.

ஆச்சியின் காப்பி வைரஸைக் கொல்லாது, தடுமன் நீடிக்கும் நாட்களையும் குறைக்காது. ஆனால் 2008-இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வில், தடுமன் பிடித்தவர்கள் பழபானத்தைச் சூடாகக் குடித்தபோது தொண்டை வலி, குளிர், அசதி எல்லாம் உடனே தணிந்தன. அதையே ஆறவைத்துக் குடித்தவர்களுக்கு இந்த மூன்றும் தணியவில்லை. அளந்து பார்த்தால் மூக்கடைப்பு அப்படியேதான் இருந்தது என்பது வேடிக்கை. சுக்கு இல்லாமலே இவ்வளவு!

என் ஓட்டு ஆச்சிக்கு. வாயில் கரைக்கும் ஜிங்க் மாத்திரை கையில் கிடைத்தால், முதல் நாளே தொடங்கி, தடுமன் விட்டதும் நிறுத்திவிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் காப்பியில் கருப்பட்டியை விட்டுவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ பத்து நாளைத் தாண்டினாலோ, இரண்டையும் வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.