சிஜிஎச்எஸ் அட்டையா, மருத்துவப் படியோடு தனி பாலிசியா? மன நோய் உள்ள ஒரு வீட்டின் கணக்கு

மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள் ஒரு கட்டு வரும். மற்ற எல்லாவற்றையும் ஒரே மாலையில் முடித்துவிட்டேன். மருத்துவ வசதியைப் பற்றிய விருப்பப் படிவம் மட்டும் இரண்டு வாரம் மேசையிலேயே கிடந்தது.

வேலையில் இருந்தவரை சென்னை என்பதால் சிஜிஎச்எஸ், அதாவது மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் உள்ள மருத்துவத் திட்டம், தானாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு காஞ்சிபுரத்தில் சொந்த வீட்டுக்குப் போவதாகத் திட்டம். சிஜிஎச்எஸ் இல்லாத ஊரில் குடியிருக்கும் ஓய்வூதியருக்கு மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப் படி உண்டு. அதை வாங்கிக்கொண்டு வெளியில் ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளலாம். அல்லது படியை விட்டுவிட்டு, பக்கத்து நகரத்து மையத்தில் சிஜிஎச்எஸ் அட்டையைத் தொடரலாம். நான் 7-ஆம் ஊதிய நிலை. மாதச் சந்தா 650. பத்து வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால், அதாவது 78,000 ரூபாய், ஆயுளுக்கும் அட்டை.

நானும் மனைவியும் மட்டும் என்றால் படியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். எங்கள் மகனுக்கு 31 வயது. 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. இப்போது குளோசபைன் மாத்திரையில் நன்றாகவே இருக்கிறான். ஆனால் அந்த மாத்திரையை நிறுத்த முடியாது.

தனி பாலிசியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரிலேயே உள்ள மருத்துவமனையில் கேஷ்லெஸ், அதாவது கையிலிருந்து பணம் கட்டாத சிகிச்சை, கிடைக்கும், ரெஃபரலுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4): உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் தர வேண்டும். 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, இதைப் பின்பற்றச் சொல்லி எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. மன நோய்க்குப் பணம் தர முடியாது என்று பாலிசியின் விலக்குப் பிரிவைக் காட்டி ஒரு நிறுவனம் மறுத்த வழக்கில், சட்டம் வந்த பிறகு அப்படி விலக்க முடியாது என்று 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் படித்ததும் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பாலிசியின் விதிமுறைகளை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். அங்கேதான் என் கணக்கு மாறியது.

சாதாரண மருத்துவக் காப்பீடு என்பது படுக்கைக்கான காப்பீடு. குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாகச் சேர வேண்டும், அல்லது ஒரே நாளில் முடிகிற, பட்டியலிட்ட டே கேர் சிகிச்சையாக இருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பு சில வாரங்கள், வீடு திரும்பிய பிறகு சில வாரங்கள் ஆகும் மருந்துச் செலவைத் தருவார்கள். அவ்வளவுதான். இப்போது என் மகனின் ஒன்பது வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேர்ந்தது இரண்டே முறை. இரண்டும் முதல் மூன்று வருடத்துக்குள். மீதி எல்லாமே மருத்துவரின் அறை, மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம். குளோசபைன் ரத்த வெள்ளையணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் ஆரம்பத்தில் வாரந்தோறும் ரத்தம் எடுப்பார்கள், பிறகு மாதந்தோறும். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கும் இப்படித்தான்: ரத்தத்தில் லித்தியம் அளவு, தைராய்டு, சிறுநீரகம் என்று வருடம் முழுக்கப் பரிசோதனை. இதில் ஒரு ரூபாய்கூடப் படுக்கைக் கணக்கில் வராது.

சரி, சட்டம் சமம் என்கிறதே என்று ஒரு முகவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை: "சார், சர்க்கரை நோயாளி தினமும் போடுற மாத்திரைக்கும் நாங்க தர்றதில்ல. உங்க பையன் மாத்திரைக்கும் தர்றதில்ல. ரெண்டும் ஒண்ணுதானே?" சட்டத்தின் எழுத்துப்படி அவர் சொன்னது சரி. உடல் நோய்க்கு எது உண்டோ அதுதான் மன நோய்க்கும். உடல் நோய்க்கே புறநோயாளிச் செலவு இல்லாத பாலிசியில் இந்தச் சமத்துவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூட்டு மாற்று அறுவை, கண்புரை, மாரடைப்பு என்று வருகிறவருக்குப் படுக்கைதான் பெரிய செலவு. நிலைபெற்ற மன நோயில் செலவு முழுக்கப் படுக்கைக்கு வெளியே. நோயாளி நன்றாக இருக்கிறார் என்பதற்கு அடையாளமே அவர் மருத்துவமனையில் சேராமல் இருப்பதுதான். அப்படி இருக்கிற காலத்துக்கு இந்தப் பாலிசி எதுவும் தராது.

புறநோயாளிச் செலவுக்கென்று கூடுதல் பிரீமியத்தில் இணைப்புகள் விற்கிறார்கள். நான் பார்த்தவற்றில் வருட வரம்பு சின்னது. எங்கள் மாத்திரையும் பரிசோதனையும் அதை அரை வருடத்திலேயே தின்றுவிடும்.

சிஜிஎச்எஸ் இந்த இடத்தில்தான் வேறு. அது காப்பீடே அல்ல, அதனால் வருடத்துக்கு இவ்வளவு என்ற தொகையும் இல்லை. மனநல மருத்துவரைப் பார்ப்பது, மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் உள்ளேயே அடக்கம். நிபுணர் எழுதிய சீட்டோடு மையத்துக்குப் போனால் மருந்து தருகிறார்கள். அங்கே இல்லாவிட்டால் வெளிக்கடையிலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள். மகன் நேரில் வர வேண்டியதும் இல்லை. அவனுடைய அட்டையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நான் போய் வாங்கி வருகிறேன்.

தொல்லை இல்லாமல் இல்லை. கையிருப்பில் இல்லாத மருந்து என்றால் இன்னொரு நடை. காஞ்சிபுரத்திலிருந்து போய்வர ஒரு நாள் போய்விடும். போன மாதம் வாங்கிய பிராண்டு இந்த மாதம் வராது. மாத்திரையின் நிறம் மாறினால் மகனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒருமுறை இரண்டு நாள் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். குளோசபைனை இரண்டு நாளுக்கு மேல் விட்டால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். அதனால் பத்து நாள் மாத்திரையை எப்போதும் சொந்தப் பணத்தில், அதே பிராண்டில், வாங்கிக் கைவசம் வைத்திருக்கிறோம். இதையும் செலவில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, அவனை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பது. தனி பாலிசியில் பெற்றோரோடு பிள்ளையைச் சேர்க்கப் பெரும்பாலும் 25 வயதுதான் எல்லை. அதற்கு மேல் அவன் பேரில் தனியாக எடுக்க வேண்டும். உண்மையை எழுதி விண்ணப்பித்தோம். ஒரு நிறுவனம் காரணம் சொல்லாமல் திருப்பியது, இன்னொன்று பதிலே போடவில்லை. ஏற்றுக்கொண்டிருந்தாலும், முன்பே இருக்கும் நோய் என்று 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். 2024-க்கு முன்பு அது 48 மாதம். நோயை மறைத்து எடுங்கள் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. கிளெய்ம் நேரத்தில் பழைய சீட்டு ஒன்று போதும், எல்லாம் போய்விடும்.

சிஜிஎச்எஸ்ஸில் நிரந்தர ஊனம் உள்ள, சம்பாதிக்காத மகனுக்கு வயது வரம்பு இல்லை. மன நோயால் வரும் ஊனமும் இதில் சேரும். 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனச் சான்றிதழ் வேண்டும். அரசு மருத்துவமனையில் ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள்: தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. அந்தச் சான்றிதழை வாங்க மனைவிக்கு மனம் வரவே இல்லை. "நாமளே நம்ம பிள்ளைக்கு முத்திரை குத்தணுமா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அவளே கோப்பை எடுத்து வைத்தாள். பின்னால் குடும்ப ஓய்வூதியம் அவனுக்குப் போகவும் அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. அந்த ஓய்வூதியம் அவனுக்கு வந்தால் சிஜிஎச்எஸ் தகுதியும் கூடவே வரும். எங்களுக்குப் பிறகு பிரீமியத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு புதுப்பிக்க வீட்டில் யாரும் இல்லை என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

நடுவழி ஒன்றும் உண்டு. சந்தாவைக் கட்டி உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டும் சிஜிஎச்எஸ், புறநோயாளிச் செலவுக்கு மாதம் 1,000 படி. மாத்திரைச் செலவு குறைவு, மையம் ரொம்பத் தூரம் என்பவர்களுக்கு இதுவே நல்லது. எங்கள் வீட்டுக் கணக்கில் ஆயிரம் ரூபாய் மகனுடைய மாத்திரைக்கே போதாது, எங்கள் இருவரின் ரத்த அழுத்த மாத்திரை வேறு.

மாநில அரசு ஊழியர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. 2021-இல் வந்த புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தம், நான்கு ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் என்று இருந்தது; அதுவும் படுக்கைக் கணக்குதான். அவர்களில் இப்படி ஒரு பிள்ளை உள்ளவர்களுக்கு நான் சொல்வது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையைக் கௌரவம் பார்க்காமல் வாங்குங்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இலிருந்து இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்பவர்களில் என்னைப் போன்ற அரசு ஊழியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு மகனை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டி வரவில்லை. அதனால் சிஜிஎச்எஸ் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை மனநலப் படுக்கையை எவ்வளவு எளிதில் தருகிறது என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. பழைய சேர்க்கை இரண்டும் அரசு மருத்துவமனையில். வாரா வாரம் உளவியலாளரிடம் பேசும் சிகிச்சை எடுப்பவர்களும் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நாங்கள் அந்த வழியில் போனதில்லை. படிவத்தில் அட்டைக்கு நேராக டிக் அடித்து 78,000 கட்டி இரண்டு வருடம் ஆகிறது. அடுத்த நடை செவ்வாய்க்கிழமை; மாத்திரை கையிருப்பில் இருக்கிறதா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.